கரு தங்காதபோது

இரண்டு மூன்று முறை கரு கலைந்த பெண்ணின் ஃபைலைக் கையில் வாங்கிப் பார்த்தால், முதல் பக்கத்தில் பல நேரம் மூன்று எழுத்துகள் தெரியும்: பி.ஓ.எச். 'மோசமான மகப்பேற்று வரலாறு' என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் சுருக்கம் அது. கூடுதல் கவனம் வேண்டும் என்று மருத்துவர்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட குறிதான், யாரையும் பழிக்க எழுதியதில்லை. ஆனால் அந்த ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு வராந்தா பெஞ்சில் மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பவள் அதைப் படிக்கத்தான் செய்கிறாள். பொருள் விசாரித்துத் தெரிந்துகொள்கிறாள். 'மோசமான' என்ற சொல் தன்னைத்தான் சொல்கிறது என்று அவளுக்குப் பட்டுவிடுகிறது.

வீட்டுக்கு வந்தாலும் இதேதான். "பப்பாளி ஏதும் சாப்பிட்டியாம்மா?" "குடத்தைத் தூக்காதேன்னு அப்பவே சொன்னேன்." "வண்டியில போகாதேன்னா கேட்டாத்தானே." கேட்பவர்கள் கெட்டவர்கள் அல்ல. ஒரு காரணம் கிடைத்தால் அடுத்த முறை தடுத்துவிடலாமே என்ற தவிப்பில்தான் கேட்கிறார்கள். ஆனால் எல்லாக் கேள்விகளும் ஒருத்தியை நோக்கியே திரும்பியிருக்கின்றன. "நீ என்ன செய்தாய்?" என்பதற்கு அறிவியலிடம் உள்ள பதில் பெரும்பாலும் "ஒன்றும் செய்யவில்லை" என்பதே. "இதுவரை என்னென்ன சோதித்துப் பார்த்தார்கள்?" என்று கேட்டிருந்தால் பேச நிறைய இருந்திருக்கும். அந்தக் கேள்வியைத்தான் யாரும் கேட்பதில்லை.

முதலில் கணக்கு. உலகில் ஆண்டுக்குச் சுமார் 2 கோடியே 30 லட்சம் கருக்கள் கலைகின்றன, நிமிடத்துக்கு 44. 'லான்செட்' மருத்துவ இதழ் 2021-இல் வெளியிட்ட ஆய்வுத் தொடர் தரும் மதிப்பீடு இது. உறுதியான கர்ப்பங்களில் ஏறக்குறைய 15 சதவீதம் இப்படி முடிகிறது. கல்யாணப் பந்தியில் நடுத்தர வயதைத் தாண்டிய பெண்கள் நூறு பேர் உட்கார்ந்திருந்தால், அவர்களில் பத்துப் பதினொரு பேர் ஒருமுறை கருவை இழந்தவர்களாக இருப்பார்கள். இரண்டு முறை இழந்தவர்கள் இரண்டு பேர். மூன்று முறையோ அதற்கு மேலோ இழந்தவர்கள் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு, 0.7 சதவீதம். வெளியே சொல்லிக்கொள்ளாததால், ஒவ்வொருத்தியும் அந்தப் பந்தியில் தான் மட்டுமே அப்படி என்று நினைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருப்பாள்.

இந்த எண்களை வைத்து ஒரு சிறு கணக்குப் போடலாம். ஒரு கர்ப்பம் கலைய 15 சதவீத வாய்ப்பு என்றால், வெறும் தற்செயலால் அடுத்தடுத்து மூன்றும் கலைய எவ்வளவு வாய்ப்பு? 0.15-ஐ மூன்று முறை பெருக்கினால் ஆயிரத்துக்கு மூன்று சொச்சம் வரும். ஆனால் நடைமுறையில் ஆயிரத்துக்கு ஏழு பேருக்கு நேர்கிறது. ஆக, மூன்று முறை இழந்தவர்களில் கணிசமான பேருக்கு அது துரதிர்ஷ்டம் மூன்று முறை வந்து மோதியது மட்டுமே, உடலில் கோளாறு எதுவும் கிடையாது. மற்றவர்களுக்கோ திரும்பத் திரும்ப வேலை செய்யும் ஒரு காரணம் உள்ளே இருக்கிறது. யார் எந்தப் பக்கம் என்று பிரித்துப் பார்க்கத்தான் பரிசோதனைகள்.

எத்தனை முறைக்குப் பிறகு சோதிக்க வேண்டும் என்பதில் நாடுகளுக்குள் வேறுபாடு உண்டு. பிரிட்டனில் நெடுங்காலமாக மூன்று என்று வைத்திருந்தார்கள். ஐரோப்பிய, அமெரிக்கக் கருவள மருத்துவச் சங்கங்கள் இரண்டு போதும் என்கின்றன. "இன்னொரு தடவை பார்ப்போம், அப்புறம் டெஸ்ட் எடுக்கலாம்" என்று உங்களிடம் சொல்லப்பட்டால், அந்த 'இன்னொரு தடவை' என்பது எத்தகைய விலை என்று எடுத்துச் சொல்லி, இப்போதே பார்க்கும்படி கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. வயது 35-ஐத் தாண்டியிருந்தால் காத்திருக்கவே வேண்டாம்.

வயது ஏன் இவ்வளவு முக்கியமாகிறது? ஒரு பெண்ணின் முட்டைகள் எல்லாம் அவள் தன் தாயின் வயிற்றில் இருக்கும்போதே உருவாகிவிடுகின்றன. அம்மாவின் வயிற்றில் மகள் வளரும்போது, அந்த மகளுக்குப் பிற்காலத்தில் பிறக்கப்போகும் குழந்தையின் பாதி விதையும் கூடவே இருக்கிறது. உருவான முட்டை, தன் குரோமோசோம்களைப் பங்கிடும் வேலையைப் பாதியில் நிறுத்திவிட்டு உறங்கப் போகிறது. இருபது ஆண்டோ நாற்பது ஆண்டோ கழித்து, வெளிவரும் மாதத்தில்தான் அந்த வேலையைத் தொடர்கிறது. இத்தனை காலமும் குரோமோசோம்களைச் சோடியாகப் பிடித்துவைத்திருக்கும் புரதக் கட்டுகள் பழங்கயிறு போல மெல்ல இற்றுப்போகின்றன. கட்டு தளர்ந்தால் பங்கீடு பிசகும். முட்டைக்கு 23 வரவேண்டிய இடத்தில் 22 வரும், அல்லது 24 வரும். 2019-இல் வெளியான நார்வே நாட்டு ஆய்வில், 25 முதல் 29 வயதில் கருச்சிதைவு வாய்ப்பு 10 சதவீதம், 45-க்கு மேல் 53 சதவீதம்.

முதல் மூன்று மாதங்களில் கலையும் கருக்களில் பாதிக்கு மேல் இப்படிக் குரோமோசோம் எண்ணிக்கை பிசகியவை. 16-ஆம் குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாக இருப்பது அவற்றில் அடிக்கடி காணப்படுவது. அப்படிப்பட்ட கரு பிறப்பு வரை செல்லவே முடியாது. அதன் முடிவு கருத்தரித்த அன்றே எழுதப்பட்டுவிட்டது. அவள் எட்டாவது வாரத்தில் பேருந்தில் போனதும், ஒன்பதாவது வாரத்தில் துணி துவைத்ததும் அதற்குப் பிறகு நடந்தவை. ஸ்கேனில் இதயத்துடிப்பு நின்றுபோனது தெரியும் நாளுக்குச் சில நாளோ சில வாரமோ முன்பே அது நின்றிருக்கலாம். அதனால்தான் முந்தைய நாள் செய்த எந்த வேலையையும் காரணமாகச் சொல்வது காலக்கணக்கிலேயே பொருந்தாது. படுத்தே இருந்தால் கரு தங்கும் என்பதற்கும் ஆய்வுகளில் ஆதாரம் கிடைக்கவில்லை.

பப்பாளியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், அது இல்லாமல் நம் ஊரில் இந்தப் பேச்சு முடியாது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் எலிகளை வைத்துச் செய்து 2002-இல் வெளியிட்ட ஆய்வில், பழுத்த பப்பாளி கர்ப்பத்தைப் பாதிக்கவில்லை. காயின் பால் மட்டும் கருப்பைத் தசையைச் சுருங்கவைத்தது. ஆகவே காயைத் தவிர்ப்பது நியாயமான எச்சரிக்கை. ஒரு துண்டு பழம் தின்றதற்காகப் பத்து வருடம் தன்னைத் தின்றுகொண்டிருப்பதற்குத்தான் நியாயமே இல்லை.

கலைந்த கருவின் குரோமோசோமைச் சோதித்துப் பார்க்க முடியும். இங்கே ஒரு நடைமுறைச் செய்தி இருக்கிறது, பலருக்கும் பிந்தித்தான் தெரியவருகிறது. கருப்பையைச் சுத்தம் செய்யும்போது எடுக்கும் திசுவை வழக்கமாக ஃபார்மலினில் போட்டு நோய்க்குறியியல் ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். ஃபார்மலினில் விழுந்த செல்கள் செத்துவிடும், அவற்றை வளர்த்துக் குரோமோசோம் பார்க்க முடியாது. மரபணுப் பரிசோதனைக்கு அனுப்பவேண்டிய திசுவைக் கிருமியற்ற சலைன் நீரிலோ ஆய்வகம் தரும் கரைசலிலோதான் வைக்க வேண்டும். ஆகவே, இரண்டாவது அல்லது மூன்றாவது முறையாக டி அண்ட் சி செய்யப் போகிறார்கள் என்றால், அறுவை அரங்குக்குள் போவதற்கு முன்பே கணவரோ அம்மாவோ மருத்துவரிடம் கேட்டுவிடவேண்டும்: "திசுவை ஜெனடிக் டெஸ்டுக்கு அனுப்ப முடியுமா டாக்டர்?" செலவு கூடுதல்தான். ஆனால் "குரோமோசோம் பிசகு" என்று ஒற்றை வரி அறிக்கை வந்தால், இந்த இழப்புக்கு அவள் உடல் காரணமில்லை என்பதற்கு எழுத்திலேயே சான்று கிடைக்கிறது. குரோமோசோம் சரியாக இருந்து கரு கலைந்திருந்தால், அப்போதுதான் தாயின் உடல்பக்கம் இன்னும் உன்னிப்பாகத் தேட வேண்டும்.

அடுத்து, பெற்றோர் இருவரின் குரோமோசோம். கேரியோடைப் என்று எழுதிக்கொடுக்கும் இரத்தப் பரிசோதனை இதுதான். தொடர் கருச்சிதைவு கண்ட தம்பதிகளில் 2 முதல் 5 சதவீதம் பேரில், கணவன் மனைவி இருவரில் ஒருவருக்கு இடமாற்றம் எனப்படும் மாறுதல் இருக்கும். பாகப்பிரிவினையை நினைத்துக்கொள்ளுங்கள். கிழக்கு வயலின் ஒரு துண்டு மேற்கு வயலின் பத்திரத்திலும், மேற்கின் ஒரு துண்டு கிழக்கின் பத்திரத்திலும் மாறிப் பதிவாகிவிட்டது. குடும்பத்துக்கு மொத்த நிலம் குறையவில்லை, எல்லாரும் ஒன்றாக இருக்கும்வரை ஒரு தொல்லையும் தெரியாது. அதுபோல அந்த மனிதரும் முழு ஆரோக்கியத்தோடு இருப்பார். ஆனால் பங்கு பிரிக்கும்போது ஒரு பிள்ளைக்கு ஒரு துண்டு இரட்டையாகவும் இன்னொரு துண்டு இல்லாமலும் போய்விடலாம். அந்தக் கரு தங்காது. சொந்தத்தில் கட்டிக்கொண்டதால்தான் இப்படி என்று சொல்வார்கள். சொந்தத் திருமணத்தால் கூடுவது வேறு வகைப் பரம்பரை நோய்கள். இந்த இடமாற்றம் உறவுக்குள் மணந்தவருக்கும் வரலாம், அந்நியத்தில் மணந்தவருக்கும் வரலாம். தாயிடமும் இருக்கலாம், தந்தையிடமும் இருக்கலாம். இது கண்டுபிடிக்கப்பட்ட தம்பதிகளில் பலருக்கு இயற்கையாகவே நல்ல குழந்தை பிறக்கிறது. மரபணு ஆலோசகரிடம் ஒருமுறை உட்கார்ந்து பேசுவது அவசியம்.

இதைச் சொல்லும்போது எனக்கு எப்போதும் ஒரு வருத்தம் எழும். பல வீடுகளில் மனைவி ஏழெட்டு முறை இரத்தம் கொடுத்து முடித்த பிறகும் கணவன் ஒருமுறைகூடக் கை நீட்டியிருக்க மாட்டான். ஒரே ஒரு குழாய் இரத்தம். அவனும் இழந்தவன்தான், அவனுக்கும் துக்கம் உண்டு. பரிசோதனை அறைக்குள் கூடவே போய் உட்கார்ந்தால் அந்தத் துக்கத்துக்கும் ஓர் இடம் கிடைக்கும். புகையும் குடியும் விந்தின் மரபணுச் சரத்தைச் சேதப்படுத்துகின்றன என்பதால், நிறுத்தவேண்டிய பட்டியல் அவனுக்கும் இருக்கிறது.

இனி, மருந்தால் நிலைமையை மாற்றக்கூடிய மிக முக்கியமான காரணத்துக்கு வருகிறேன். 1983-இல் லண்டன் ஹாமர்ஸ்மித் மருத்துவமனையில் கிரஹாம் ஹியூஸ் என்ற மருத்துவர் ஒரு நோய்க்கூட்டை விவரித்தார். சிலரின் இரத்தத்தில், செல் சவ்வில் உள்ள பாஸ்போலிப்பிடு என்ற கொழுப்போடு ஒட்டும் புரதங்களை எதிர்க்கும் எதிர்ப்பொருள்கள் உருவாகின்றன. இரத்தம் தேவையில்லாத இடத்தில் உறைகிறது, கரு கலைகிறது, சிலருக்கு இளம் வயதிலேயே பக்கவாதம்கூட வருகிறது. இன்று இதை ஏ.பி.எஸ். என்கிறார்கள். முதலில், நஞ்சுக்கொடியின் நுண்ணிய குழாய்களில் இரத்தம் உறைவதுதான் கரு கலைவதற்குக் காரணம் என்று நினைத்தார்கள். கதை அதோடு முடியவில்லை. இந்த எதிர்ப்பொருள்கள், நஞ்சுக்கொடியாக வளரவேண்டிய செல்கள் கருப்பைச் சுவரில் வேர்விடுவதையே தடுக்கின்றன என்று பின்னர் தெரிந்தது. நாற்று நட்ட இடத்தில் வேர் இறங்காமல் போவதைப் போல.

தொடர் கருச்சிதைவு கண்ட பெண்களில் ஏறக்குறைய 15 சதவீதம் பேரிடம் இது காணப்படுகிறது. கண்டுபிடிக்க மூன்று சோதனைகள்: லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட், ஆன்டிகார்டியோலிப்பின், பீட்டா-2 கிளைக்கோபுரோட்டீன் எதிர்ப்பொருள். மூன்றையும் எடுக்க வேண்டும். ஒருமுறை பாசிட்டிவ் வந்ததும் முடிவு கட்டக் கூடாது, குறைந்தது 12 வாரம் கழித்து மறுபடி எடுத்து, அப்போதும் இருந்தால்தான் நோய். சாதாரணக் காய்ச்சல், தொற்று வந்தால்கூட இந்த எதிர்ப்பொருள்கள் சில வாரம் தலைகாட்டி மறைவதுண்டு. இந்த இரண்டாவது சோதனைதான் பல ஃபைல்களில் இல்லாமல் இருக்கிறது. முதல் அறிக்கையை வைத்தே ஒன்பது மாதம் ஊசி போட்டுக்கொண்டவர்களும் உண்டு. மூன்றில் ஒன்றை மட்டும் எடுத்து "நெகட்டிவ்தான்" என்று விட்டுவிட்டு, அடுத்த கருவையும் இழந்தவர்களும் உண்டு.

உறுதியானால் சிகிச்சை எளியது: குறைந்த அளவு ஆஸ்பிரின் மாத்திரை, தினமும் வயிற்றுத் தோலில் போட்டுக்கொள்ளும் ஹெபாரின் ஊசி. ஹெபாரின் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போகாது. 1997-இல் லண்டன் செயின்ட் மேரீஸ் மருத்துவமனையில் ராஜ் ராய், லெஸ்லி ரீகன் குழுவினர் இந்த நோய் உள்ள 90 பெண்களைக் கொண்டு செய்த ஆய்வில், ஆஸ்பிரின் மட்டும் எடுத்தவர்களில் 42 சதவீதம் பேரும், ஹெபாரினும் சேர்த்து எடுத்தவர்களில் 71 சதவீதம் பேரும் குழந்தை பெற்றார்கள். இந்தத் துறையில் ஒரு மருந்து இவ்வளவு வித்தியாசம் காட்டுவது அபூர்வம். அதனால்தான் இந்தச் சோதனையைச் சரியாகச் செய்யுங்கள் என்று இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

தைராய்டு, சர்க்கரை இரண்டும் எப்படியும் பார்த்துவிடுவார்கள். அளவு மீறியிருந்தால் கருத்தரிக்கும் முன்பே கட்டுக்குள் கொண்டுவர வேண்டும். தைராய்டு சுரப்பு சரியாக இருந்து எதிர்ப்பொருள் மட்டும் இருந்தால், மாத்திரை கொடுப்பதால் பயனில்லை என்று 2019-இல் பிரிட்டனில் 952 பெண்களிடம் நடந்த ஆய்வு காட்டியது. கருப்பையின் உள்ளே பிறவியிலேயே தடுப்புச்சுவர் இருக்கிறதா என்று முப்பரிமாண ஸ்கேனில் பார்க்கலாம். இருந்தால் அறுத்தெடுப்பதுதான் வழக்கம். ஆனால் அறுத்தவர்களுக்கும் அறுக்காதவர்களுக்கும் வேறுபாடு தெரியவில்லை என்று 2021-இல் ஒரு சிறிய ஆய்வு சொன்னதால், இப்போது யோசித்துத்தான் கத்தி எடுக்கிறார்கள்.

எந்த மாதத்தில் கலைந்தது என்பது மிக முக்கியம். எட்டாவது வாரத்தில் கலைவதும் பதினெட்டாவது வாரத்தில் வலியே இல்லாமல் கருப்பை வாய் திறந்து வெளியேறுவதும் வேறு வேறு நோய்கள். இரண்டாவது வகைக்குக் கருப்பை வாயில் தையல் போடும் முறையை 1955-இல் உலகுக்குக் கொடுத்தவர் மும்பையைச் சேர்ந்த வி.என். ஷிரோத்கர். இன்றும் உலகெங்கும் மகப்பேற்று மருத்துவர்கள் அந்தத் தையலை அவர் பெயராலேயே அழைக்கிறார்கள். ஆனால் மூன்றாம் மாதத்துக்குள் கலையும் கருவுக்கு அந்தத் தையலால் ஒன்றும் ஆகாது.

சோதிக்க வேண்டியவை இவ்வளவுதான். விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆனால் ஃபைல்கள் ஏன் அவ்வளவு தடிமனாக இருக்கின்றன?

தேவையில்லாதவையும் சேர்ந்துவிடுவதால்தான். டார்ச் என்ற இரத்தப் பரிசோதனை ஏறக்குறைய எல்லா ஃபைலிலும் இருக்கும். ரூபெல்லா, டாக்சோபிளாஸ்மா முதலிய தொற்றுகளைத் தேடுவது. இவை ஒருமுறை தாக்கினால் பொதுவாக உடல் எதிர்ப்பு பெற்றுவிடும், அடுத்தடுத்த கர்ப்பங்களைத் தொடர்ந்து கலைக்காது. சிபிலிஸ் விதிவிலக்கு, அதற்குத்தான் கர்ப்பிணிகள் எல்லாருக்கும் தனிச் சோதனை இருக்கிறது. டார்ச்சில் 'ஐ.ஜி.ஜி. பாசிட்டிவ்' என்று வந்தால் எப்போதோ தொற்று வந்து போயிருக்கிறது என்று மட்டுமே பொருள். அதைப் பார்த்துப் பயந்துபோய், "எனக்குக் கிருமி இருக்காம்" என்று அழுத பெண்கள் ஏராளம். தொடர் கருச்சிதைவுக்கு இந்தச் சோதனையைப் பன்னாட்டு வழிகாட்டுதல்கள் பரிந்துரைப்பதில்லை.

இரத்தத்தில் என்.கே. எனப்படும் நோயெதிர்ப்புச் செல்களை எண்ணுவது, நோயெதிர்ப்பைத் தணிப்பதாகச் சொல்லி ஏற்றும் கொழுப்புக் கரைசல் டிரிப் ஆகியவற்றுக்கும் உறுதியான ஆதாரம் இல்லை. கணவரின் வெள்ளையணுக்களைப் பிரித்து மனைவியின் தோலில் ஊசியாகப் போடும் சிகிச்சை ஒன்று உண்டு. 1999-இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் சோதித்தபோது, வெறும் உப்புநீர் ஊசி போட்டவர்களுக்கே குழந்தை பிறந்த விகிதம் கூடுதலாக இருந்தது. 2002-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் ஆய்வுக்கு வெளியே அதைச் செய்யக் கூடாது என்று நிறுத்தியது. பரம்பரையாக இரத்தம் உறையும் தன்மை உள்ள பெண்களுக்கு ஹெபாரின் உதவுமா என்று பார்த்த பன்னாட்டு ஆய்வு 2023-இல் வெளியானது. ஊசி போட்டவர்களில் 72 சதவீதம், போடாதவர்களில் 71 சதவீதம் குழந்தை பெற்றார்கள். ஏ.பி.எஸ். உள்ளவர்களுக்கு உயிர்காக்கும் அதே ஊசி, இவர்களுக்கு வெறும் வலியும் செலவும். நகையை அடகு வைத்துவிட்டு வருகிறவர்களிடம் ஆதாரமில்லாத சிகிச்சையை நம்பிக்கை என்று சொல்லி விற்பதை என்னால் மன்னிக்க முடியவில்லை. எதை எழுதிக்கொடுத்தாலும், "இதைப் போட்டவங்களுக்கும் போடாதவங்களுக்கும் எவ்வளவு வித்தியாசம் டாக்டர்?" என்று கேளுங்கள். நல்ல மருத்துவர் கோபப்பட மாட்டார், உட்காரவைத்துச் சொல்வார்.

எல்லாம் பார்த்து முடித்த பிறகும் ஏறக்குறைய பாதித் தம்பதிகளுக்குக் காரணம் தெரிவதில்லை. "எல்லாம் நார்மல்" என்று அறிக்கை வரும்போது பெண்கள் மகிழ்வதில்லை, இடிந்துபோகிறார்கள். ஏதாவது ஒன்று இருந்தாலாவது சரிசெய்யலாமே என்று. அந்த வேதனை எனக்குப் புரிகிறது. ஆனால் 'நார்மல்' என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு நல்ல செய்தி இருக்கிறது. காரணம் தெரியாத தொடர் கருச்சிதைவு கண்ட பெண்களைத் தொடர்ந்து கவனித்து 1999-இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில், மறுபடி கருத்தரித்தவர்களில் 75 சதவீதம் பேரின் கர்ப்பம் வெற்றியாக முடிந்தது. முன்பு போட்ட கணக்கை நினைவுபடுத்திக்கொண்டால் வியப்பில்லை. காரணம் கிடைக்காதவர்களில் பலர் துரதிர்ஷ்டத்தின் பக்கம் நிற்பவர்கள், ஆகவே அடுத்த முறை வாய்ப்பு அவர்கள் பக்கமே அதிகம். வயதைப் பொறுத்து இது கூடும் குறையும்.

புரோஜெஸ்டிரோன் மருந்து உதவுமா என்று பர்மிங்காம் பல்கலைக்கழகத்தின் அரி குமாரசாமி தலைமையில் இரண்டு பெரிய ஆய்வுகள் நடந்தன. 2015-இல் வெளியான முதல் ஆய்வில், காரணம் தெரியாத 836 பெண்களில் மருந்து எடுத்தவர்களில் 65.8 சதவீதம், போலி மருந்து எடுத்தவர்களில் 63.3 சதவீதம் பேருக்குக் குழந்தை பிறந்தது. பெரிய வித்தியாசமில்லை. 2019-இல் வெளியான இரண்டாவதில் கர்ப்ப காலத் தொடக்கத்தில் இரத்தக்கசிவு கண்ட 4,153 பெண்கள். இதில் மூன்று முறையோ மேலோ முன்பு இழந்திருந்தவர்களை மட்டும் பிரித்துப் பார்த்தபோது, மருந்தோடு 72 சதவீதம், மருந்தில்லாமல் 57 சதவீதம். முன்பு கருவை இழந்து, இப்போது கசிவும் இருப்பவர்களுக்கு இதைக் கொடுக்கலாம் என்று பிரிட்டன் 2021-இல் வழிகாட்டுதலை மாற்றியது. ஆகவே, கசிவு கண்டால் "பார்க்கலாம்" என்று இரண்டு நாள் வீட்டில் இருக்காமல் உடனே போவதில் பொருள் இருக்கிறது. ஒரு மணி நேரத்தில் பல நாப்கின்கள் நனையும்படி போனாலோ, காய்ச்சலோ, தோள்பட்டை வலியோ மயக்கமோ இருந்தாலோ அது அவசரம்.

மருந்துக் கடையில் கிடைக்காத ஒன்றையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். நார்வேயில் ஸ்ட்ரே-பெடர்சன் தம்பதியர் 1984-இல் வெளியிட்ட ஆய்வில், காரணம் எதுவும் கண்டுபிடிக்கப்படாத பெண்களில் ஒரு பகுதியினருக்குச் சிறப்புக் கவனிப்புக் கொடுத்தார்கள்: அடிக்கடி வரச்சொல்லிப் பரிசோதிப்பது, ஆலோசனை, மனத்துணை. அவர்களில் 86 சதவீதம் பேருக்குக் குழந்தை தங்கியது. அந்தக் கவனிப்பு இல்லாதவர்களில் 33 சதவீதம். இந்த எண்ணை அப்படியே நம்பச் சொல்லமாட்டேன். குலுக்கிப்போட்டுப் பிரித்த ஆய்வு அல்ல அது, சிறிய எண்ணிக்கை, இரு குழுவினருக்கும் வேறு வேறுபாடுகளும் இருந்திருக்கலாம். ஆனாலும் வாரத்துக்கு ஒரு ஸ்கேன், அழைத்தவுடன் எடுக்கும் ஒரு தொலைபேசி, முகம் தெரிந்த ஒரே மருத்துவர் என்பவை யாருக்கும் கெடுதல் செய்ததில்லை. கரு தங்குவதற்கு உதவாவிட்டாலும் கூட, முதல் பன்னிரண்டு வாரங்களை அவள் மூச்சுவிட்டுக் கடக்க உதவும்.

ஏனென்றால் காயம் வயிற்றோடு நிற்பதில்லை. 2020-இல் வெளியான லண்டன் ஆய்வில், தொடக்கக் கர்ப்பத்தை இழந்த பெண்களில் 29 சதவீதம் பேருக்கு ஒரு மாதம் கழித்து, விபத்தில் தப்பியவர்களுக்கு வருவது போன்ற மனஅதிர்வு அறிகுறிகள் இருந்தன. ஒன்பது மாதம் கழித்தும் 18 சதவீதம் பேருக்கு அவை நீங்கவில்லை. ஒன்பது மாதம் என்பது அந்தக் குழந்தை பிறந்திருக்க வேண்டிய நாளைத் தாண்டிவிட்ட காலம். அந்தத் தேதி அவளுக்குத் தெரியும். வீட்டில் வேறு யாருக்கும் நினைவிருக்காது.

"வயசிருக்கு, அடுத்தது தங்கும்" என்று சொல்வது ஆறுதல் என்றே நினைக்கிறோம். அவளுக்கோ, போனது ஒரு கணக்கிலேயே இல்லை என்பதுபோல் கேட்கிறது. "உனக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதும். நாத்தனாரின் வளைகாப்புக்கு அவள் வர முடியவில்லை என்றால் விட்டுவிடுங்கள், பொறாமை என்று பெயர் வைக்காதீர்கள். தெருமுனையில் பார்க்கிறவர்கள் "விசேஷம் ஏதும் உண்டா?" என்று கேட்பதைத் தடுக்கப் பக்கத்தில் இருக்கும் மாமியார் ஒருத்தரால் முடியும். "நாங்களே சொல்றோம், அதுவரைக்கும் கேக்காதீங்க" என்று ஒருவர் சொல்லிவிட்டால் அந்தத் தெருவே அடங்கும்.

வேலைக்குப் போகிற பெண்ணாக இருந்தால், 1961-ஆம் ஆண்டின் மகப்பேற்றுப் பயன் சட்டம் முதலே ஒரு பாதுகாப்பு உண்டு: கருச்சிதைவுக்குப் பிறகு ஆறு வாரம் சம்பளத்தோடு விடுப்பு. 26-ஆம் வாரம் வரையிலான இழப்பைச் சட்டம் கருச்சிதைவாகவே கணக்கிடுகிறது. தகுதியிருந்தும் இரண்டு நாள் லீவு போட்டுவிட்டு, கசிவு நிற்காமலேயே இயந்திரத்தின் முன் போய் நிற்கும் பெண்களுக்கு யாராவது இதைச் சொல்ல வேண்டும். தூக்கம் வராமல், சாப்பாடு இறங்காமல், வாழவே பிடிக்கவில்லை என்று தோன்றினால் 14416 என்ற டெலி-மனாஸ் எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது.

மறுபடி எப்போது முயல்வது? ஆறு மாதம் காத்திருக்க வேண்டும் என்பது பழைய அறிவுரை. ஸ்காட்லாந்தில் 30 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களின் பதிவுகளைப் பார்த்து 2010-இல் வெளியான ஆய்வில், ஆறு மாதத்துக்குள் கருத்தரித்தவர்களுக்குக் கெடுதல் எதுவும் கூடவில்லை. உடலும் மனமும் தயாரானால் போதும். பரிசோதனை முடிவுகளுக்காகக் காத்திருப்பது மட்டும் வேறு விஷயம்.

தஞ்சாவூர் மாவட்டம் பாபநாசத்துக்கு அருகே திருக்கருகாவூரில் கர்ப்பரட்சாம்பிகை கோயில் இருக்கிறது. அந்தத் தலத்தின் கதையே ஒரு கருச்சிதைவின் கதை. நித்துருவ முனிவரின் மனைவி வேதிகை கர்ப்பமாக இருக்கிறாள். கணவர் வெளியே போயிருந்த நேரம், களைத்துக் கிடக்கிறாள். வாசலுக்கு வந்த ஊர்த்துவபாத முனிவரை அவளால் எழுந்து உபசரிக்க முடியவில்லை. அவர் சபித்துவிடுகிறார், கரு கலைந்து வெளியேறுகிறது. வேதிகை அம்பிகையிடம் முறையிடுகிறாள். அம்பிகை அந்தக் கருவை ஒரு குடத்துக்குள் வைத்துக் காத்து, குழந்தையாக்கிக் கையில் கொடுக்கிறாள். களைத்துப்போன கர்ப்பிணியைக் குற்றம் சாட்டியவர் வாசலில் நின்றவர். அம்பிகை அவளிடம் எதையும் கேட்டதாகக் கதையில் இல்லை.

அந்தச் சன்னிதியில் கரு தங்க நெய்யும் சுகப்பிரசவத்துக்கு விளக்கெண்ணெயும் பிரசாதமாகக் கொடுப்பார்கள். நெய்க்காகக் காத்திருக்கும் பெண்களில் சிலருடைய பையில் அந்தத் தடித்த ஃபைலும் இருக்கும். அதைத் திறந்தால் ஏ.பி.எஸ். சோதனையின் முதல் அறிக்கையும், அதற்குப் பின்னால் 12 வாரம் கழித்து எடுத்த இரண்டாவதும் இருக்கிறதா? கேரியோடைப் தாளில் கணவரின் பெயரும் இருக்கிறதா? ஊருக்குத் திரும்பும் பேருந்தில் உட்கார்ந்து, இருவருமாக அதை ஒருமுறை புரட்டிப் பார்க்கலாம்.